வழுக்கும் குழாயை இழைக்குள் பிணைத்தவர்கள்

2000-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரோட்னி ருவாஃபின் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உள்ளேயே ஓர் இழுப்புச் சோதனை நடத்தினார்கள். எதிரெதிரே இரண்டு நுண்முனைகள். அவற்றுக்கு நடுவே, இரு பக்கமும் ஒட்டப்பட்ட ஒரே ஒரு கார்பன் நானோ குழாய். முனைகளை மெல்ல மெல்ல விலக்கினார்கள். குழாய் அறும் கணத்தில் அது தாங்கிய விசையைக் கணக்கிட்டார்கள். இப்படி 19 குழாய்களை அறுத்துப் பார்த்ததில், அவற்றின் இழுவலிமை 11 முதல் 63 ஜிகாபாஸ்கல் வரை இருந்தது.

ஜிகாபாஸ்கல் என்றால் எவ்வளவு? ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள நூல் ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தாங்கினால், அதன் வலிமை ஒரு ஜிகாபாஸ்கல். பியானோவில் பூட்டும் உயர்ரக எஃகுக் கம்பி 2 முதல் 3 வரை போகும். குண்டு துளைக்காத உடைகளில் வைக்கும் கெவ்லார் இழை மூன்றரையைத் தொடும். 63 என்றால், அதே ஒரு சதுர மில்லிமீட்டரில் ஆறு டன்னுக்கு மேல் தொங்கவிடலாம். அதுவும் எஃகின் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவே உள்ள ஒரு பொருளால்.

இந்த எண்தான் உலகத்தைச் சுற்றி வந்தது. அதே சோதனையில் தெரிந்த இன்னொரு காட்சிக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. அவர்கள் இழுத்தவை ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்ட குழாய்கள். அறுந்தது வெளிச்சுவர் மட்டும்தான். உள்ளே இருந்த குழாய்கள் சேதமில்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. உறையிலிருந்து வாள் உருவப்படுவது போன்ற முறிவு என்றே ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். உள் குழாய்கள் சுமையில் பங்கெடுக்கவே இல்லை. யாரும் அவற்றைப் பிடித்து இழுக்கவில்லை. அவற்றைப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

நைலான், பாலியெஸ்டர், அக்ரிலிக், கெவ்லார் போன்ற பாலிமர் இழைகளுக்குள் நானோ குழாயை வைத்து வலுவூட்டும் முயற்சியின் முப்பது ஆண்டுக் கதையை, அந்த வழுக்கலின் கதையாகத்தான் நான் படிக்கிறேன். உலகத்திலேயே வலுவான பொருள் கைக்கு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆள் தேவைப்பட்டது.

கரியில் இருந்த குழாய்

கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து நிற்கும் ஒற்றை அணுத் தடிமனான தாளைச் சுருட்டி, விளிம்புகளைத் தையலே தெரியாமல் இணைத்தால் வருவதுதான் நானோ குழாய். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். நீளமோ விட்டத்தைப் போல ஆயிரம் மடங்கு, சில சமயம் அதற்கும் மேல்.

1991-ல் ஜப்பானின் சுகுபா நகரில், என்.இ.சி. நிறுவன ஆய்வகத்தில் சுமியோ இஜிமா இவற்றைத் தெளிவாகப் படம்பிடித்து 'நேச்சர்' இதழில் எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் 1952-லேயே ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் என்ற இரு சோவியத் அறிவியலாளர்கள் உள்ளீடற்ற கார்பன் இழைகளின் படங்களை ரஷ்ய மொழி இதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தார்கள். 1976-ல் மொரினோபு எண்டோவும் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்துவிட்டார். யார் முதல் என்ற வழக்கை இங்கே தீர்க்க முடியாது. இஜிமாவின் கட்டுரைதான் ஒரு துறையைத் திறந்துவிட்டது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

தமிழ் வாசகர்கள் பலருக்கு நானோ குழாய் என்ற பெயர் 2020-ல் கீழடி வழியாக அறிமுகமாகியிருக்கும். அங்கே கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. சூளை நெருப்பில், தாவரப் பொருளின் கரியிலிருந்து அவை தாமாக உருவாகியிருக்கலாம். அதைப் பெருமையோடு சொல்லலாம். நம் குயவர்கள் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள் என்று நீட்டினால் அவர்களுடைய உண்மையான கைத்திறனுக்கே அது குறைவு. பூச்சில் தற்செயலாகக் குழாய் இருப்பது ஒன்று. ஒரு இழைக்குள் எண்ணற்ற குழாய்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒரே திசையில் படுக்கவைத்து, பாலிமரோடு பிணைப்பது முற்றிலும் வேறு வேலை.

கணக்கு சொன்னதும் கையில் வந்ததும்

விறைப்பு, அதாவது நீள்வதை எதிர்க்கும் தன்மை, அதையும் ஜிகாபாஸ்கலில்தான் அளப்பார்கள். நைலானின் விறைப்பு சுமார் 3 ஜிகாபாஸ்கல். நானோ குழாயின் விறைப்பு சுமார் 1,000. நைலானில் கொள்ளளவில் ஒரு சதவீதம் குழாயைக் கலந்தால், அது மட்டுமே 10 ஜிகாபாஸ்கல் கூட்டவேண்டும். அதாவது நூற்றில் ஒரு பங்கைச் சேர்த்ததற்கு, விறைப்பு நான்கு மடங்குக்கு மேல் எகிற வேண்டும். தொண்ணூறுகளில் இந்தக் கணக்கைப் போட்ட எந்தப் பொறியாளருக்கும் தூக்கம் வந்திருக்காது.

கையில் வந்தது வேறு. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 2000-ல் பாலிஸ்டைரீனில் எடையில் ஒரு சதவீதம் பல சுவர்க் குழாய்களைக் கலந்தபோது விறைப்பு 36 முதல் 42 சதவீதம்தான் கூடியது. இழுவலிமை சுமார் 25 சதவீதம் உயர்ந்தது. நல்ல முன்னேற்றம்தான். அன்றைக்கு அது ஒரு முக்கியமான வெற்றியும்கூட. ஆனால் நான்கு மடங்கு எங்கே, நாற்பது சதவீதம் எங்கே?

முதல் காரணம், திசை. குழாய்கள் எல்லாத் திசைகளிலும் கண்டபடி கிடந்தால், அவற்றின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் பயன்படும் என்று கலவைப் பொருள்களின் இயக்கவியல் சொல்கிறது. அந்த ஒரு காரணத்திலேயே 10 என்பது 2 ஆகிவிடும்.

இரண்டாவது காரணம்தான் ஆழமானது. தேங்காய் நாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நார் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். அதிலிருந்து கிணற்று ஆழத்துக்குக் கயிறு திரிக்கிறோம். எந்த நாரும் கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவதில்லை. முறுக்கின் அழுத்தத்தில் ஒரு நார் பக்கத்து நாரைப் பற்றிக்கொள்கிறது. சுமை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிப் போகிறது. பிடி தளர்ந்த கயிற்றில் நார் அறுவதே இல்லை, உருவிக்கொண்டுதான் வரும். பாலிமருக்குள் இருக்கும் நானோ குழாயின் நிலையும் இதுதான்.

இதற்கு 1965-லேயே ஒரு சூத்திரம் வந்துவிட்டது. ஆன்டனி கெல்லியும் டைசனும் செம்புக்குள் டங்ஸ்டன் கம்பிகளைப் பதித்து இழுத்துப் பார்த்து எழுதியது. உள்ளே இருக்கும் இழை, உருவிக்கொண்டு வராமல் தன் முழு வலிமையையும் தர வேண்டுமானால் அதற்கு ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும். இழையின் வலிமையை விட்டத்தால் பெருக்கி, ஒட்டுப்பரப்பின் பிடிப்பு வலிமையை இரண்டால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் அந்த நீளம் கிடைக்கும். 10 நானோமீட்டர் விட்டமும் 10 ஜிகாபாஸ்கல் வலிமையும் உள்ள ஒரு குழாய். பாலிமர் அதைப் பற்றியிருக்கும் வலிமை 50 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். தேவையான நீளம் ஒரு மைக்ரான். சாதாரணக் குழாய்களே அதைவிட நீளமானவை. அப்படியானால் எல்லாம் சரியாகத்தானே நடக்க வேண்டும்?

நடக்காததற்குக் காரணம், குழாய்கள் தனித்தனியாக இருக்க மறுப்பது. வழவழப்பான கார்பன் சுவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொள்கின்றன. நூறு குழாய்கள் சேர்ந்த கட்டு ஒன்றை பாலிமர் வெளியிலிருந்து மட்டும்தான் தொட முடியும். நடுவில் இருக்கும் குழாய்கள், செயின்ட் லூயிஸ் சோதனையில் பார்த்த உள் குழாய்களைப் போலவே, சுமை அறியாமல் வழுக்குகின்றன. தனித்தனியாகப் பிரிந்த ஒற்றைச் சுவர்க் குழாய்கள் ஒரு கிராமுக்கு 1,300 சதுர மீட்டருக்கு மேல் வெளிப்பரப்பு தரக்கூடியவை. பாலிமர் தொட்டுப் பிடிக்க அவ்வளவு இடம் இருக்கிறது. கட்டுக்குள் அது அத்தனையும் மறைந்துபோகிறது.

சரி, பிரித்துவிடலாமே என்றால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு. கேளா ஒலி அலைகளால் கரைசலை அதிரவைத்தால் கட்டுகள் பிரியும். கூடவே குழாய்களும் ஒடிந்து குட்டையாகும். நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்தால் குழாயின் மேல் ஆக்சிஜன் கொண்ட வேதித் தொகுதிகள் முளைத்து, பாலிமர் பற்றிக்கொள்ளக் கொக்கிகள் கிடைக்கும். அந்தக் கொக்கி முளைத்த இடங்களிலெல்லாம் சுவரின் அறுகோண ஒழுங்கு குலையும். சோப்பு போன்ற பரப்புச் செயலிகளைச் சேர்த்தால் குழாய்கள் தண்ணீரில் சமர்த்தாக மிதக்கும். பிறகு அந்தச் சோப்பே குழாய்க்கும் பாலிமருக்கும் நடுவில் வழுக்கும் படலமாக உட்கார்ந்துகொள்ளும். இவற்றுக்கு மேல், ஒரு சில சதவீதம் குழாய் சேர்ந்ததுமே பாலிமர் உருகல் கூழாகக் கெட்டித்து, நூற்கும் எந்திரத்தின் நுண்துளைகளில் ஓட மறுக்கும்.

இழுக்க இழுக்க ஒழுங்கு

இத்தனை தடைகளுக்கும் ஒரு வழி, ஒரு கத்தி வெட்டில் முதலில் தெரிந்தது. கேரளத்தின் கொடுங்கல்லூரில் பிறந்த புலிக்கல் அஜயன், இஜிமா இருந்த அதே என்.இ.சி. ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1992-ல் தாமஸ் எபெசனோடு சேர்ந்து நானோ குழாய்களைக் கிராம் கணக்கில் தயாரிக்கும் வழியைக் காட்டினார். 1994-ல் அவரும் பிரெஞ்சு சகாக்களும் குழாய்களை எபாக்சிப் பிசினில் கலந்து கெட்டியாக்கி, நுண்ணோக்கியில் வைப்பதற்காக மெல்லிய சீவல்களாக வெட்டினார்கள். வெட்டிய திசையில் குழாய்கள் தாமாக வரிசையில் படுத்திருந்தன. பாலிமரும் நானோ குழாயும் சேர்ந்த கலவையைப் பற்றி வந்த முதல் ஆய்வறிக்கை அது. பாலிமர் ஒரு திசையில் நகர்ந்தால் குழாய்களும் கூடவே திரும்பும் என்ற செய்தி அந்த முதல் அறிக்கையிலேயே இருந்தது.

பாலிமரை ஒரே திசையில் நகர்த்துவதுதானே இழை நூற்பவர்களின் தொழில்! 1930-ல் அமெரிக்காவின் டூ பான்ட் ஆய்வகத்தில் ஜூலியன் ஹில், உருகிய பாலியெஸ்டரில் கோலை விட்டு இழுத்தபோது, நீளும் இழை இழுக்க இழுக்க வலுத்ததைக் கண்டார். சிக்கிக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் இழுவையில் நேராகி அருகருகே படிந்ததுதான் காரணம். நைலான் முதல் இன்றைய மீன்பிடி வலை நூல் வரை எல்லாம் அந்த இழுவையில் பிறந்தவையே. ஆகவே நானோ குழாய் கட்டியான பிளாஸ்டிக்கில் ஏமாற்றியபோதும், இழையில் நம்பிக்கை தந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேரன் வைனி உள்ளிட்டோர் 2000-ல் ஒற்றைச் சுவர்க் குழாய் கலந்த அக்ரிலிக் வகைப் பாலிமரை உருக்கி நூற்று, 20 மடங்கிலிருந்து 3,600 மடங்கு வரை இழுத்தார்கள். உள்ளே குழாய்கள் இழையின் அச்சோடு சீராக வரிசைப்பட்டிருந்தன.

அதே ஆண்டு பிரான்சின் போர்தோவில் பிலிப் பூலனின் குழு தலைகீழாக யோசித்தது. பாலிமருக்குள் குழாயைக் கலப்பானேன்? குழாய்க் கரைசலை பாலிமருக்குள் செலுத்தினால்? சோப்பு நீரில் பிரித்த குழாய்களை, சுழன்றுகொண்டிருக்கும் பாலிவைனைல் ஆல்கஹால் கரைசலுக்குள் மெல்லிய ஊசியால் பாய்ச்சினார்கள். பாலிமர் சோப்பை அகற்றிவிட்டு அந்த இடத்தில் தானே வந்து குழாய்களைப் பிணைத்தது. கருப்பாக ஒரு கூழ் இழை உறைந்து வந்தது. முதலில் வந்தவை அவ்வளவு வலுவானவை இல்லை; ஆனால் முடிச்சுப் போட்டாலும் அறாதவை. வழுக்கலுக்குக் காரணமான சோப்பை, பிணைக்க வரும் பாலிமரே வெளியேற்றுகிறது என்பதுதான் இந்த முறையின் அழகு. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த யோசனையும் இதுவே.

அதை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ரே பாக்மனும் ஆலன் டால்டனும் சகாக்களும் எடுத்து வளர்த்தார்கள். 2003-ல் அவர்கள் நூற்ற இழை 50 மைக்ரான் தடிமன், 100 மீட்டர் நீளம். அதன் எடையில் 60 சதவீதம் நானோ குழாய். இழுவலிமை 1.8 ஜிகாபாஸ்கல், கெவ்லாரைவிடக் குறைவுதான். ஆனால் அவர்கள் பெருமைப்பட்டது வேறொரு அளவையில். ஒரு கிராம் இழையை அறுக்க எவ்வளவு ஆற்றல் தேவை? கெவ்லாருக்கு 33 ஜூல். சிலந்தியின் தொங்கு நூலுக்கு 165. இந்த இழைக்கு 570.

அந்த வேறுபாட்டைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். கெவ்லார் பெரும் விசையைத் தாங்கும், ஆனால் அதிகம் நீளாது. எல்லை வந்ததும் பட்டென்று அறும். பாக்மன் குழுவின் இழை விசையையும் தாங்கியது, நீளவும் செய்தது. குழாய்களுக்கு நடுவே இருந்த பாலிமர் நீண்டு, குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அந்த நகர்வில் ஆற்றல் செலவழிந்தது. எந்த வழுக்கல் குறையாக இருந்ததோ, அதைக் கட்டுக்குள் வைத்தபோது அதுவே குணமானது. இந்த இழைகளைக் கொண்டு மின்சாரத்தைத் தேக்கும் மின்தேக்கிகளைச் செய்து துணியில் நெய்தும் காட்டினார்கள். குறையும் இருந்தது: பாலிவைனைல் ஆல்கஹால் ஈரத்தை உறிஞ்சும் பாலிமர். மழையில் நனையும் கயிற்றுக்கு அது ஏற்றதில்லை.

ஒரு சதவீதத்தின் வேலை

60 சதவீதம் குழாய் என்பது ஆய்வகத்துக்குச் சரி, தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் சதீஷ் குமாரின் குழு செய்தது அதனால்தான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. 2002-ல் அவர்கள், ரைஸ் பல்கலைக்கழகத்தில் நோபல் அறிஞர் ரிச்சர்ட் ஸ்மாலியின் குழுவோடு சேர்ந்து, பி.பி.ஓ. என்ற பாலிமரில் பத்து சதவீதம் ஒற்றைச் சுவர்க் குழாய்களைக் கலந்து நூற்றார்கள். பி.பி.ஓ. ஏற்கெனவே செயற்கை இழைகளில் முன்வரிசையில் நிற்பது. அதன் வலிமையே சுமார் 50 சதவீதம் கூடியது.

அதன் பிறகு அவர்கள் பாலிஅக்ரிலோநைட்ரைலுக்குப் போனார்கள். சுருக்கமாக 'பான்' என்பார்கள். ஸ்வெட்டர் நூலுக்கும் இதுதான் மூலம். விமான இறக்கைக்குப் போகும் கார்பன் இழைக்கும் இதுதான் மூலம். பான் இழையை முதலில் காற்றில் சூடாக்கிப் பக்குவப்படுத்தி, பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால், கார்பன் தவிர மற்றவை வெளியேறி கார்பன் இழை மிஞ்சும். குமாரின் குழு பான் கரைசலில் வெறும் ஒரு சதவீதம் நானோ குழாயைச் சேர்த்து, ஜெல் நூற்பு முறையில் இழுத்து, சுட்டது. குழாய் சேர்க்காத இழையோடு ஒப்பிட்டால் வலிமை 64 சதவீதமும் விறைப்பு 49 சதவீதமும் கூடியிருந்தன.

ஒரே ஒரு சதவீதக் குழாய், தான் சுமக்கும் சுமையால் மட்டும் இவ்வளவு கூட்டியிருக்க முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, குழாயை ஒட்டியிருந்த பான் மூலக்கூறுகள் மற்ற இடங்களைவிட ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. சுட்ட பிறகு, குழாயைச் சுற்றிலும் கிராஃபைட் அடுக்குகள் உருவாகியிருந்தன. சாதாரணமாக இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கிடைக்கும் அந்த ஒழுங்கு, சுமார் 1,100 டிகிரியிலேயே அங்கே வந்துவிட்டது. குழாய் தன் பக்கத்தில் இருக்கும் பாலிமரையே மாற்றிவிடுகிறது. அயர்லாந்தில் டப்ளின் டிரினிடி கல்லூரியில் ஜொனாதன் கோல்மனின் குழுவும் வேறு பாதையில் இதே முடிவுக்கு வந்தது: பாலிவைனைல் ஆல்கஹாலில் குழாயைச் சுற்றி ஒரு படிக உறை வளர்கிறது, வலிமை கூடுவதில் அந்த உறைக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கேதான் துறையின் பார்வையே மாறியது என்பேன். தொண்ணூறுகளில் குழாயை ஒரு கம்பியாகப் பார்த்தார்கள்; கான்கிரீட்டுக்குள் முறுக்குக் கம்பி போல அது சுமையைத் தாங்கும் என்று எண்ணினார்கள். அட்லாண்டாவும் டப்ளினும் அதைப் பாலிமரின் அமைப்பை வழிநடத்தும் அச்சாகக் காட்டின. பிடிப்பு என்பது வெளியிலிருந்து கொக்கி மாட்டித்தான் வரவேண்டும் என்பதில்லை. சரியான வெப்பம், சரியான இழுவை, சரியாகப் பிரிந்த குழாய் மூன்றும் அமைந்தால் பாலிமரே படிகமாகி வந்து குழாயைப் பற்றிக்கொள்ளும்.

பாலிமரே இல்லாமல் குழாய்களை மட்டும் நூலாக்கும் முயற்சியும் பக்கத்திலேயே நடந்தது. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகம் 2002-ல், காடு போல அடர்ந்து வளர்ந்த குழாய்களிலிருந்து நூலை உருவியது. கேம்பிரிட்ஜில் ஆலன் விண்டில் குழு 2004-ல் உலையிலிருந்தே நேராக நூற்றது. ஹூஸ்டனில் மதேயோ பாஸ்குவாலி, குளோரோசல்ஃபோனிக் அமிலத்தில் குழாய்களைக் கரைத்து நூற்றார். டெய்ஜின் அராமிட் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் 2013-ல் காட்டிய இழை, 2021-க்குள் 4.2 ஜிகாபாஸ்கல் வரை வளர்ந்தது. மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தியது. இந்த நூல்களிலும் கடைசியில் எழுந்த கேள்வி அதேதான்: பக்கத்துக் குழாய்கள் வழுக்காமல் எப்படிப் பிடிப்பது?

2018-ல் சிங்ஹுவா குழு, சென்டிமீட்டர் கணக்கில் நீளமான, குறையற்ற குழாய்களை மிகச் சிறு கற்றையாகச் சேர்த்து 80 ஜிகாபாஸ்கலைத் தாண்டியது. 2024-ல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஜாங் ஜின் குழு, 'சயின்ஸ்' இதழில், நெடுக நூற்ற இழையொன்று அதிவேகத் தாக்குதலில் 14 ஜிகாபாஸ்கல் காட்டியதாக அறிவித்தது. இப்படிப்பட்ட செய்திகள் வரும்போது வாசகர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு நீளமான துண்டை இழுத்தார்கள்? எவ்வளவு வேகத்தில் இழுத்தார்கள்? கேம்பிரிட்ஜ் இழை 2007-ல் 9 ஜிகாபாஸ்கல் தொட்டது ஒரு மில்லிமீட்டர் நீளத் துண்டுகளில். துண்டு நீளமானால் எங்கேயாவது ஒரு பலவீனமான இடம் அதில் அகப்பட்டுக்கொள்ளும், எண்ணும் இறங்கிவிடும். மில்லிமீட்டரில் கிடைத்த வலிமையை மீட்டருக்குக் கொண்டுபோவதுதான் இன்னும் முடியாத வேலை. ஜப்பானின் டோரே நிறுவனம் நானோ குழாயை நம்பாமலே, பான் இழையை மட்டும் மேலும் மேலும் செம்மைப்படுத்தி, 8 ஜிகாபாஸ்கல் கார்பன் இழையை 2023-ல் அறிவித்துவிட்டது. பந்தயத்தில் பழைய குதிரை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சந்தையும் மூச்சும்

பணத்தின் பக்கம் ஏமாற்றங்கள் அதிகம். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 2010-ல் லெவர்குசனில் ஆண்டுக்கு 200 டன் நானோ குழாய் செய்யும் ஆலையைத் திறந்தது. 2013-ல் அந்தத் தொழிலையே விட்டு விலகியது. பயன்பாடுகள் சிதறிக் கிடக்கின்றன, தன் முதன்மைத் தொழிலோடு ஒட்டவில்லை என்று காரணம் சொன்னது. இன்று உலகில் தயாராகும் குழாய்களில் பெரும் பகுதி லித்தியம் பேட்டரிகளுக்குள் போகிறது. அங்கே வேலை மின்சாரம் கடத்துவது, சுமை தூக்குவது அல்ல. பாலிமரில் மிகச் சிறிதளவு குழாய் கலந்தாலே மின்கடத்தும் வலைப்பின்னல் உருவாகிவிடும் என்பதால், நிலைமின்சாரத்தை வெளியேற்றும் பொருள்களிலும் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. வியாழனுக்கு 2011-ல் கிளம்பிய ஜூனோ விண்கலத்திலும் நானோ குழாய்த் தாள்கள் அந்தக் காவலுக்காகவே போயின. வலிமைக்காகப் பிறந்த பொருள், கடத்துதிறனால் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வலுவூட்டும் கனவு பொய்த்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஒரு சதவீதக் குழாயால் கார்பன் இழையின் வலிமை பாதிக்கு மேல் கூடுமென்றால், குழாயின் விலை இறங்க இறங்க அந்தக் கணக்கு மறுபடி மேசைக்கு வரும்.

வரும்போது கூடவே வரவேண்டிய இன்னொரு கணக்கு, நூற்பவர்களின் மூச்சு. மெல்லியது, நீளமானது, விறைப்பானது, உடலில் கரையாதது: நானோ குழாயை வலுவூட்டியாக்கிய அதே குணங்கள்தான் ஆஸ்பெஸ்டாஸைக் கொலையாளி ஆக்கின. 2008-ல் எடின்பரோவில் கென் டொனால்ட்சன் உள்ளிட்டோர், நீளமான பல சுவர்க் குழாய்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்தியபோது, ஆஸ்பெஸ்டாஸ் உண்டாக்கும் வகையான அழற்சியும் தழும்புக் கட்டிகளும் தோன்றின. குட்டையான, சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. 2014-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, எம்.டபிள்யூ.சி.என்.டி.-7 என்ற குறிப்பிட்ட வகைக் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளுக்கு வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2013-ல் பரிந்துரைத்தது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்ட ஆலைத் தொழிலாளர்களை நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். அதனால் இந்தப் பகுதியை ஒரு பின்குறிப்பாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இழைக்குள் பாலிமரோடு பிணைந்திருக்கும் குழாய் எளிதில் வெளியே வராது; அந்த இழையால் நெய்த சட்டையை அணிபவர் அஞ்சுவதற்குக் காரணம் மிகக் குறைவு. ஆபத்து தளர்ந்த தூளில் இருக்கிறது: மூட்டையைப் பிரிக்கும்போது, தராசில் கொட்டும்போது, கலக்கும் தொட்டியில் போடும்போது, பிறகு, கெட்டியான பொருளை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும். இதற்குத் தொழில் உலகம் கண்ட நடைமுறை எளிமையானது. குழாயைத் தயாரிப்பவரோ, மூடிய எந்திரம் வைத்திருக்கும் கலவை நிறுவனமோ அதைப் பாலிமரில் அடர்த்தியாகக் கலந்து, மாஸ்டர்பேட்ச் எனப்படும் குருணைகளாக்கி விற்கிறது. நூற்பாலை அந்தக் குருணையை வாங்கி, சாதாரண பாலியெஸ்டர் குருணையோடு சேர்த்து உருக்குகிறது. தூள் மூட்டை ஆலைக்குள் வருவதே இல்லை. குருணையின் விலை தூளைவிடக் கூடுதல்தான். வாங்கும் ஒப்பந்தத்தில் அந்தக் கூடுதல் தொகைக்கு எதிராகத்தான் முதலில் பேரம் நடக்கும்.